டொலர் பாம் போய்த் திரும்பியவர்கள்

தலவாக்கலையிலிருந்து வட்டகொடைப் பக்கம் கோச்சி போகும்போது, பாதைக்கு மேலே அடுக்கடுக்காக ஏறும் தேயிலை மலைகளில் ஒன்று எங்கள் தோட்டம். எங்கள் தோட்டம் என்றுதான் எல்லோரும் சொல்லுவோம். அந்த மண்ணில் ஒரு சாண்கூட எங்கள் யார் பேரிலும் இருந்ததில்லை. மேட்டு லயம், பணிய லயம், இரண்டுக்கும் நடுவே மாரியம்மன் கோயில், கோயிலுக்குக் கீழே பீலி. பீலித் தண்ணீர் விழுந்து விழுந்து குழிந்துபோன கருங்கல்லில்தான் நாங்கள் பல் விளக்கினோம், எங்கள் அம்மாக்கள் படங்கு கசக்கினார்கள். மார்கழி, தை மாதங்களில் அந்தத் தண்ணீரில் கை வைத்தால் விரல் விறைத்துவிடும். ஆனி, ஆடியில் தென்மேல் மழை பிடித்தால் வெயிலைப் பார்க்கப் பல நாள் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் லயம் முழுக்க ஈரக் கம்பளி வாடையும் அடுப்புப் புகையுமாகவே இருக்கும்.

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. முன்னால் ஓர் இஸ்தோப்பு. விடியற்காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்குத் தப்பு அடிக்கும் முன்பே ஒவ்வொரு வீட்டிலும் ரொட்டி தட்டும் சத்தம் கேட்கும். சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள் என்பதால் எந்த வீட்டில் மாவு இருக்கிறது, எந்த வீட்டில் இல்லை என்பது சத்தத்திலேயே தெரிந்துவிடும். அந்தச் சத்தம் நின்றுபோன ஒரு காலத்தை என் பெற்றோர் கண்டிருக்கிறார்கள். 1973இலும் 1974இலும் மாவும் அரிசியும் கூப்பனில் குறைக்கப்பட்டபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் விழுந்தன. எங்கள் தோட்டத்தில் மாண்டவர்களை அம்மா ஒவ்வொருவராகச் சொல்லுவார். பெயர் சொல்லமாட்டார், “பணிய லயம் கடைசிக் காம்பரா”, “கோயிலுக்குப் பக்கத்து வீட்டுக் கெழவி” என்று வீட்டை வைத்தே சொல்லுவார்.

கோச்சிச் சத்தத்தை வைத்துத்தான் எங்கள் ஆட்கள் பொழுதைக் கணக்குப் பார்த்தார்கள். ஆனால் எல்லாக் கோச்சியும் ஒன்றல்ல. ஒப்பாரிக் கோச்சி என்று ஒன்று இருந்தது. 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எங்களைப் பங்கு போட்டார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் சிறிமாவும் இந்திராவும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தியாவின் பங்குக்குப் போன குடும்பம் சட்டி பானை, ஆடு, கோழி எல்லாவற்றையும் விற்றுவிட்டு வீடு வீடாக வந்து பயணம் சொல்லும். ஸ்டேசனில் கட்டிப்பிடித்து அழும் அழுகையில் கோச்சி நகரும். சிங்கமலைச் சுரங்கத்துக்குள் அது நுழையும்போது உள்ளேயிருந்து வரும் ஒப்பாரி வெளியில் நிற்பவர்களுக்கும் கேட்குமென்று பெரியவர்கள் சொல்லுவார்கள். பொல்காவலை, மாகோ, அனுராதபுரம், மதவாச்சி, மன்னார், தலைமன்னார், அதற்குப் பிறகு இராமேஸ்வரம் கப்பல். அனுராதபுரத்தை எங்கள் பாட்டிமார் அறிந்தது அப்படித்தான்: நடுராத்திரியில் கோச்சி நிற்கும், பிள்ளைகளுக்குப் போத்தலில் தண்ணீர் பிடிக்கலாம், அதற்குப் பிறகு காடு. அந்த ஸ்டேசனின் பெயரைப் பிற்பாடு வேறொரு காரணத்துக்காக நாங்கள் வாய்க்குள்ளேயே சொல்ல வேண்டி வந்தது.

நான் இங்கே எழுத வந்தது அந்தக் கோச்சியில் இந்தியா போனவர்களைப் பற்றி அல்ல. அவர்களைப் பற்றிக் கொஞ்சமாவது எழுதப்பட்டிருக்கிறது. வேறு கோச்சி ஏறி வவுனியா போனவர்களைப் பற்றி எழுத வேண்டும். என் அத்தையும் மாமாவும் அப்படிப் போனவர்கள். அத்தை அப்பாவுடன் பிறந்தவர், மாமா கவ்வாத்துக்குப் பேர் போனவர். எங்கள் மலையில் அவர் கவ்வாத்து வெட்டிய செடி சரிமட்டமாக நிற்கும், வெட்டு வாயில் ஒரு பிசிறு இருக்காது என்று கங்காணியே சொல்லுவார்.

1977 மே மாதம் 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் சிவனு இலட்சுமணன் பொலிஸ் சூட்டில் செத்தார். நுவரெலியா மாவட்டத் தோட்டக் காணியில் 7,000 ஏக்கரைப் பிடுங்கி வெளியாருக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று தோட்டம் தோட்டமாக ஆட்கள் திரண்ட நேரம் அது. எனக்கு விவரம் தெரிந்து நான் பார்த்த முதல் கூட்டம் அதுதான். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் படங்கோடு அப்படியே தலவாக்கலைக்கு நடந்தார்கள். மாமாவும் போனார். திரும்பி வந்து, “சுட்டுப்புட்டாங்க தங்கச்சி” என்று அம்மாவிடம் சொன்னதைத் தவிர அன்றைக்கு வேறெதுவும் பேசவில்லை. இலட்சுமணனின் சாவோடு அந்தக் காணிப் பறிப்பு அப்போதைக்கு நின்றது. ஒரு தொழிலாளியின் உயிரைக் கொடுத்துத்தான் நாங்கள் வேலை செய்கிற மலையை நாங்கள் வைத்துக்கொள்ள முடிந்தது.

ஜூலையில் தேர்தல், ஆகஸ்டில் கலவரம். யாழ்ப்பாணத்தில் தொடங்கியது தெற்கே இறங்கி, பிறகு மலையேறி வந்தது. தேர்தலில் தமிழீழத்துக்கு வாக்குப் போட்டவர்கள் வடக்கே இருந்தார்கள். எங்கள் தோட்டத்தில் வாக்குச் சீட்டையே கண்ணால் காணாதவர்கள் பாதிக்கு மேல். 1948இல் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து எங்கள் தாத்தாமாரின் உரிமையை எடுத்தபோது போனது அது. ஆனாலும் லயங்கள் எரிந்தன. ஆட்கள் தேயிலைச் செடிக்கு அடியில் பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தார்கள். அந்தக் கலவரத்துக்குப் பிறகுதான் மாமா முடிவெடுத்தார். “இந்தியாவும் வேணாம், இந்த மலையும் வேணாம். வன்னியில மண்ணு கெடக்காம். தமிழாளுக மத்தியில இருந்துக்குவோம்” என்றார். அவரைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் அந்த ஆண்டுகளில் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போனார்கள்.

வவுனியாவில் அவர்களை ஏற்றுக்கொண்டது காந்தியம். கட்டடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட்டும் மருத்துவர் எஸ். இராஜசுந்தரமும் சேர்ந்து நடத்திய அமைப்பு அது. கலவரத்தில் வீடிழந்த மலையகக் குடும்பங்களைக் காட்டோரக் காணிகளில் குடியேற்றினார்கள். பிள்ளைகளுக்குப் பாலர் பாடசாலை, பால் மா, கிணறு, விதை என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். அந்தக் காணிகளில் இரண்டுதான் கென்ற் பாமும் டொலர் பாமும். வவுனியாவுக்கு வடகிழக்கே, முல்லைத்தீவு எல்லையில், மணலாற்றுப் பக்கம் இருந்தவை. அறுபதுகளில் தமிழ்க் கம்பனிகளுக்கு நீண்ட குத்தகையில் கொடுக்கப்பட்ட பெரிய பண்ணைகள். மாமா குடும்பம் டொலர் பாமில் இறங்கியது.

கடிதம் வரும். அத்தை எழுதத் தெரியாதவர். மூத்த மகள், எனக்கு மதினி, பென்சிலால் எழுதுவாள். மிளகாய் போட்டிருக்கிறோம், நிலக்கடலை போட்டிருக்கிறோம், யானை வந்து கத்தரியை மிதித்துவிட்டது, தம்பிக்கு மலேரியாக் காய்ச்சல், இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, கம்பளியை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டோம். ஒரு கடிதத்தில், “அப்பா இப்ப பெரட்டுக்குப் போறதில்ல, அவருக்கு அவரே தொரை” என்று எழுதியிருந்தாள். அந்த வரியை அப்பா இஸ்தோப்பில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். நூற்றைம்பது ஆண்டு தப்புச் சத்தத்துக்கு எழும்பிய சாதிசனத்தில் ஒருவன் தன் பொழுதைத் தானே முடிவு செய்கிறான் என்பது எங்கள் லயத்துக்கு எவ்வளவு பெரிய செய்தி என்று இப்போது நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது.

ஒரு தீபாவளிக்கு மாமா வந்தார். கறுத்துப் போயிருந்தார், கண் மட்டும் வெள்ளையாக இருந்தது. ஒரு சாக்கில் காய்ந்த மிளகாயும் நிலக்கடலையும் கொண்டுவந்து வீட்டுக்கு வீடு ஒரு சுண்டு அளந்து கொடுத்தார். கையை விரித்துக் காட்டச் சொல்லி நாங்கள் பார்த்தோம். கவ்வாத்துக் கத்தி பிடித்த காய்ப்பு விரலடியில் இருந்தது, அது மாறி மண்வெட்டி பிடித்த காய்ப்பு உள்ளங்கை நடுவில் ஏறியிருந்தது. “கெணறு வெட்டுனோம் மச்சான். பாறை. விடியவெள்ளன எறங்குனா பொழுது சாயத்தான் மேல ஏறுவோம். தண்ணி கண்ட அன்னைக்கு ஒங்க தங்கச்சி சூடம் கொளுத்திக் கும்புட்டா” என்று அப்பாவிடம் சொன்னார். அந்தக் கிணற்றைப் பற்றி அவர் சொன்ன விதத்தில், ஏதோ கோயில் கட்டியவர் மாதிரி இருந்தது.

1983 ஏப்ரலில் டேவிட்டையும் இராஜசுந்தரத்தையும் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜூலைக் கலவரம் கண்டி, நுவரெலியா, பதுளை என்று எங்கள் பக்கத்தை எரித்துக்கொண்டிருந்த அதே நாட்களில், ஜூலை 27ஆம் திகதி, வெலிக்கடைச் சிறைக்குள் இராஜசுந்தரம் அடித்துக் கொல்லப்பட்டார். நுவரெலியாவில் தமிழர் கடைகள் எரிந்த புகையை எங்கள் தோட்டத்தில் நின்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமைச்சரவையில் எங்கள் தலைவர் தொண்டமான் உட்கார்ந்திருந்த காலம்தான் அது. அதுவும் எங்களைக் காப்பாற்றவில்லை. அந்த ஆடி மாதம், “மாமா நல்ல காலம் அங்க போயிட்டாரு” என்று அம்மா கைகூப்பிச் சொன்னார்.

மறு ஆண்டு அவர்கள் திரும்பி வந்தார்கள். தாங்களாக வரவில்லை. பாம்களில் இருந்த மலையகக் குடும்பங்களை 1984இல் அரசாங்கம் வெளியேற்றியது. வண்டிகளில் ஏற்றி, வந்த இடத்துக்கே போங்கள் என்று மலைக்கு அனுப்பினார்கள். ஒரு மாலை நேரம், மழைத் தூற்றலில், அத்தை தலையில் ஒரு மூட்டையோடு கோயில் பாதையில் ஏறி வந்ததை நான் பார்த்தேன். பின்னால் மதினியும் தம்பிமார் இரண்டு பேரும் வந்தார்கள். மாமா கையில் பிடி இல்லாத மண்வெட்டி மட்டும் இருந்தது. பிடியை எடுத்துப் போட்டுவிட்டு இரும்பை மட்டும் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மிளகாய் பழுக்கிற பருவம் என்றார் அத்தை. மாட்டையும் கன்றையும் அவிழ்த்துவிட்டு வந்தோம், எங்கே போயிற்றோ என்றார். அதற்கப்புறம்தான் அழுதார்.

அவர்கள் இருந்த காம்பராவில் வேறு குடும்பம் வந்துவிட்டது. செக்ரோலில் பேர் இல்லை. பதிவு இல்லாதவனுக்கு வேலை இல்லை, வீடு இல்லை என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். எங்கள் இஸ்தோப்பைச் சாக்கால் மறைத்து அதில்தான் ஐந்து பேரும் படுத்தார்கள். அத்தை கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போனார். மாமா ஊருக்குள் மரக்கறித் தோட்டங்களில் கூலிக்கு மண் கொத்தினார். பெட்டிக்குள் மடித்து வைத்த கம்பளி மட்டும் அவர்களுக்கு உதவியது. லயத்தில் எல்லோரும் அவரை “வவுனியா மாமா” என்றார்கள். அந்தப் பெயரில் கேலி எதுவும் இல்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் என்ற மரியாதைதான் இருந்தது.

எங்கள் ஆட்களை வெளியேற்றிய பாம்களைத் திறந்தவெளிச் சிறை முகாம்களாக்கி, சிங்களக் கைதிகளையும் அவர்களுடைய குடும்பங்களையும் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி மெல்ல மெல்ல வந்தது. தமிழ்ப் பிரதேசத்தின் கிழக்கையும் வடக்கையும் துண்டிக்கிற இடத்தில் குடியேற்றம் வேண்டும் என்பதுதான் காரணம் என்று அப்போதே எல்லோருக்கும் தெரியும். வந்தவர்கள் சுற்றுக் கிராமத்துத் தமிழ்ப் பெண்களிடம் அட்டூழியம் செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. மாமா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். “நம்ம கெணத்துத் தண்ணியத்தான் குடிப்பானுக” என்று ஒரு தடவை சொன்னார். கோபமாகத்தான் சொன்னார். அதை நான் மறைக்கப் போவதில்லை.

1984 நவம்பர் 30. விடுதலைப் புலிகள் பஸ்களில் வந்து இறங்கி இரண்டு பாம்களையும் தாக்கினார்கள். ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என்று 62 பேர் கொல்லப்பட்டார்கள். சிங்களப் பொதுமக்கள் மீது புலிகள் நடத்திய முதல் பெரும் படுகொலை அது. மறுநாள் கொக்கிளாய், நாயாறு மீன்பிடிக் குடியிருப்புகளிலும் அதே நடந்தது. அடுத்து இராணுவம் பழிதீர்க்க இறங்கியது. பாம்களுக்குப் பக்கத்துக் கிராமமான ஒதியமலையில் தமிழ் ஆண்களைச் சேர்த்துப் பிடித்துச் சுட்டுத் தள்ளினார்கள். செட்டிகுளம், முல்லைத்தீவு என்று அந்த டிசம்பர் முழுவதும் பிணங்கள் விழுந்தன.

செய்தி எங்களுக்கு வானொலியில் வந்தது. லயத்தில் இரண்டு வீட்டில்தான் ரேடியோ. கோயிலடி வீட்டில் எல்லோரும் குந்தியிருந்து கேட்டோம். டொலர் பாம் என்ற பெயர் வானொலியில் வந்ததும் எல்லோருடைய முகமும் மாமாவின் பக்கம் திரும்பியது. இளந்தாரிகளில் ஒருவன், “சரியான அடி மாமா, ஒங்கள வெரட்டுனதுக்கு வாங்கிக் கட்டிக்கிட்டானுக” என்றான். மாமா பதில் சொல்லவில்லை. அத்தைதான் கேட்டார்: “புள்ளைகளுமா?” யாரும் வாய் திறக்கவில்லை. மறுபடி கேட்டார், “எந்த எடத்துலயாம்? பால் மா குடுப்பாங்களே, அந்தக் கொட்டகையிலயா? கெணத்தடியிலயா?” அவர் கண் முன்னே ஒவ்வொரு இடமும் நின்றது. தான் மெழுகிய தரை, தான் தண்ணீர் இறைத்த மேடை, தன் பிள்ளைகள் படுத்த மூலை. அங்கே வேறொருத்தியின் பிள்ளைகள் செத்துக் கிடப்பதை, அந்த இடத்தை அறிந்தவர் என்பதால், எங்கள் எல்லோரையும் விடத் தெளிவாக அவர் பார்த்தார்.

அன்றிரவு மாமா சாப்பிடவில்லை. சாக்கு மறைப்புக்குள் அவர்கள் பேசியது எங்களுக்குக் கேட்டது. “ஜெயிலுல கெடந்தவன அவன் இஷ்டத்துக்கா கொண்டாந்தாங்க? நம்மள ஏத்துனாப்புல அவனையும் ஏத்தியிருப்பானுக” என்றார் மாமா. கிணற்றுத் தண்ணீரைச் சொல்லிக் கோபப்பட்ட அதே மனிதர்தான். அந்த இரண்டு பேச்சும் ஒரே வாயில் வந்தவை. இந்தப் போரைப் பற்றி அரசியல்வாதிகளும் இயக்கங்களும் பேசியதில் நான் வாசித்திருக்கிற எதையும் விட, மாமாவின் அந்த இரண்டாவது பேச்சுக்குத்தான் நான் மதிப்புக் கொடுக்கிறேன். இடம் பிடிக்க ஏழைகளை முன்னால் தள்ளிய அரசும், அந்த ஏழைகளின் பிள்ளைகளைச் சுட்ட துப்பாக்கியும் இரண்டுமே குற்றவாளிகள்தான். ஒன்றைச் சொல்லி மற்றதைக் கழித்துவிட முடியாது.

அதற்குப் பிறகான நாட்களில் எங்கள் மலையில் வேறொரு பயம் வந்து குடியேறியது. வடக்கில் எங்கே அடி விழுந்தாலும் அதன் கணக்கு எங்களிடம் கேட்கப்படும். நான்கு பக்கமும் சிங்கள ஊர்கள், நடுவில் லயங்கள். ஆண்கள் முறை வைத்துக் கோயிலடியில் விழித்திருந்தார்கள். துணிமணி, பிறப்புச் சான்று, பிரஜாவுரிமைக் காகிதம் எல்லாவற்றையும் ஒரு பைக்குள் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் பெண்கள் படுத்தார்கள். எங்கள் லயத்துக்கு வெற்றிலை விற்க வரும் ஒரு சிங்கள ஆச்சி இருந்தார். கீழே நாட்டுப் பக்கமிருந்து நடந்தே ஏறி வருவார். அந்தச் செய்திக்குப் பிறகு அவர் வரவில்லை. பல நாள் கழித்து ஒரு காலை வந்து எங்கள் இஸ்தோப்பில் கூடையை இறக்கினார். அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அத்தை அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்த ஆச்சிக்கு டொலர் பாம் தெரியும், அத்தை அங்கிருந்து வந்தவர் என்பதும் தெரியும். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எழும்பிப் போகும்போது ஆச்சி ஒரு கட்டு வெற்றிலையை அத்தையின் மடியில் வைத்தார், காசு வாங்கவில்லை.

1985 மே 14ஆம் திகதி அனுராதபுரம். புலிகள் பஸ் ஒன்றைக் கடத்திக்கொண்டு போய், நகரத்தின் பஸ் நிலையத்தில் நின்ற சனங்கள் மீது சுட்டார்கள். அங்கிருந்து ஸ்ரீ மகாபோதிக்குப் போய்க் கும்பிட வந்தவர்களைச் சுட்டார்கள். திரும்பும் வழியில் வில்பத்துக் காட்டிலும் கொன்றார்கள். மொத்தம் 146 பேர். சில நாட்களுக்கு முன் வல்வெட்டித்துறையில் இராணுவம் பொதுமக்களைக் கொன்றதற்குப் பதில் இது என்றார்கள். வல்வெட்டித்துறையில் செத்தவர்களுக்கும் அனுராதபுரத்தில் பஸ்சுக்கு நின்றவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்குக் கேட்க யாருக்கும் துணிவில்லை. எங்கள் பாட்டி மட்டும், “அந்த டேசன்லயா? அங்கதான நம்ம சனம் எறங்கித் தண்ணி புடிக்கும்” என்றார். அதற்குள் இந்தியா போகிற கோச்சியும் இல்லை. 1984இலேயே தலைமன்னார்க் கப்பல் நின்றுவிட்டது. பயணம் சொல்லிவிட்டுக் காத்திருந்தவர்கள் பாத்திரம் பண்டமில்லாமல் மறுபடி லயத்திலேயே தங்கினார்கள்.

அந்த வாரம் தலவாக்கலை டவுனில் கடைகள் பாதி மூடிக் கிடந்தன. தமிழில் சத்தமாகப் பேசாதே என்று பஸ்சில் பிள்ளைகளைத் தாய்மார் அடக்கினார்கள். பொட்டை அழித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன பெண்களை நான் அறிவேன். பிறகு வந்த ஆண்டுகளைப் பற்றி நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. கொழும்பில் கடையிலும் வீட்டிலும் வேலைக்குப் போன எங்கள் பிள்ளைகள், அடையாள அட்டை இல்லாத குற்றத்துக்கே பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே போனார்கள். 2000 அக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்குப் பக்கத்தில், பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், அரசின் காவலில் இருந்த 27 தமிழ் இளைஞர்களைக் கும்பல் வந்து வெட்டியும் எரித்தும் கொன்றது. பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. தலவாக்கலையிலும் ஹற்றனிலும் ஆட்கள் தெருவுக்கு இறங்கினார்கள், ஊரடங்கு போட்டார்கள். கடைசியில் 2005இல் உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுதலை செய்தது.

மாமா மலையில் நிலைக்கவில்லை. இஸ்தோப்பில் சாக்குக்குள் எத்தனை நாள் இருப்பது? மறுபடியும் வடக்கே போனார். இம்முறை கிளிநொச்சி. மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் என்று அங்கே எங்கள் ஆட்கள் நிறைந்த ஊர்கள் இருக்கின்றன. அந்த ஊர்களில் காணிக்குப் பத்திரம் இல்லை, வாய்க்கால் தண்ணீர் இல்லை. பிள்ளைகளை மட்டும் எல்லாத் தரப்பும் கணக்கெடுத்தது. அத்தையின் இளைய மகன் 2009இல் திரும்பி வரவில்லை. எந்தப் பக்கத்துக் குண்டு என்று தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று மதினி தொலைபேசியில் சொன்னாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தெரிய வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

போன முறை ஊருக்குப் போனபோது பணிய லயம் பாதி இடிந்து கிடந்தது. பீலிக் கல் அதே இடத்தில் இருக்கிறது, தண்ணீர் குழாய்க்குள் போய்விட்டது. தலவாக்கலையில் மேல் கொத்மலை அணை வந்தபிறகு சென் கிளயர் அருவியும் முன்னைப் போல இல்லை. மேட்டு லயத்துக்கு மேலே ஏழு பேர்ச் காணியில் சில புதிய வீடுகள் எழும்பியிருக்கின்றன. பிள்ளைகள் டவுனுக்குப் போய்ப் படிக்கிறார்கள். இலட்சுமணனின் பெயர் அவர்களுக்குத் தெரியும், மே மாதம் வந்தால் மாலை போடுகிறார்கள். கென்ற் பாம், டொலர் பாம் என்று கேட்டேன். ஒரு பையன் தொலைபேசியில் தேடி, 62 சிங்களவர் கொல்லப்பட்ட இடம் என்று வாசித்துக் காட்டினான். அதற்கு முன் அங்கே யார் இருந்தார்கள் என்று அதில் இருக்கிறதா பார் என்றேன். ஒரு வரி இருந்தது. உன் தாத்தாவுக்குத் தாய்மாமன் முறை ஆனவர் அங்கே கிணறு வெட்டினார் என்றேன். நம்பாமல் பார்த்தான்.

இதுதான் என் மனக்குறை. சிங்களத் தரப்பில் எழுதுகிறவர்கள் அந்தக் கதையை நவம்பர் 30ஆம் திகதி இரவிலிருந்து தொடங்குகிறார்கள். தமிழ்த் தரப்பில் எழுதுகிறவர்கள் குடியேற்றத்திலிருந்து தொடங்கி, அந்த இரவை இரண்டு வரியில் தாண்டிப் போகிறார்கள். காட்டை வெட்டித் திருத்தியவர்கள், பொலிஸ் வண்டியில் ஏற்றப்பட்டவர்கள், தங்கள் வீட்டுத் தரையில் வேறு பிள்ளைகள் செத்ததைக் கேட்டு இஸ்தோப்பில் பட்டினி கிடந்தவர்கள் இரண்டிலுமே சரியாக இல்லை. செத்த 62 பேரும் யார், எங்கிருந்து எப்படி அங்கே கொண்டுவரப்பட்டார்கள் என்பதும் இல்லை. ஒதியமலையில் விழுந்தவர்களின் வீட்டுப் பெண்கள் பிறகு எப்படிப் பிழைத்தார்கள் என்பதும் இல்லை. இந்த மூன்று சனத்தையும் ஒரே புத்தகத்தில் எழுதாமல் அந்த மண்ணின் கதையை எழுதியதாக யாரும் சொல்லக்கூடாது.

2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் எங்கள் ஆட்கள் நடந்தார்கள். முதல் தலைமுறை காடு வழியாக நடந்து வந்து வழியிலேயே செத்த கதையை நாடே கேட்டது. நல்ல காரியம். அதே பாதையிலிருந்து கிழக்கே திரும்பினால் வவுனியா, அதைத் தாண்டினால் மணலாறு. 1977க்குப் பிறகு அங்கே போய், 1984இல் விரட்டப்பட்டு வந்தவர்களின் கதையை இன்னும் யாரும் கேட்கவில்லை. அன்றைக்குப் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கே இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மாமாவும் அத்தையும் போய்விட்டார்கள்.

இதை வாசிக்கிற உங்கள் குடும்பத்தில், லயத்தில், கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இந்தியாவில் கூடலூர், கோத்தகிரிப் பக்கமோ இருக்கிற சொந்தத்தில், அப்படி ஒருவர் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்தத் தோட்டத்திலிருந்து போனார்கள், எந்தப் பாமில் இருந்தார்கள், என்ன நட்டார்கள், யார் வந்து ஏற்றினார்கள், அந்த நவம்பர்ச் செய்தியைக் கேட்டபோது அவர்கள் வாயில் வந்த வார்த்தை என்ன என்று கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதி வையுங்கள்.